எதிர்ப்பு சக்திய கூட்டுறத பத்தி மட்டும் எழுதாதீங்க, அடக்கி வைக்கிறத பத்தியும் எழுதுங்க

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்.

2025 அக்டோபர்ல மருத்துவத்துக்கான நோபல் பரிசு அறிவிச்சப்போ நீங்களும் செய்தி போட்டிருந்தீங்க. மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சின்னு மூணு பேரு, போட்டோ, பரிசுத் தொகை, நோய் எதிர்ப்பு மண்டலம் பத்தின ஆராய்ச்சின்னு ஒரு வரி, அதோட முடிஞ்சிடுச்சு. அடுத்து வந்த ஹெல்த் பக்கத்துல மறுபடியும் எதிர்ப்பு சக்திய அதிகரிக்க என்ன சாப்பிடணும்னு ஒரு முழு பக்கம். அந்த மூணு பேரும் கண்டுபிடிச்சது என்னன்னு ஒழுங்கா எழுதியிருந்தா அந்த பக்கத்த அப்படி எழுதியிருக்கவே முடியாது, அதான் இந்த கடிதம்.

எங்க அக்காவுக்கு ருமடாய்டு ஆர்த்ரைடிஸ், முடக்குவாதம்னு சொல்வாங்க. அவங்க உடம்புல எதிர்ப்பு சக்தி கம்மியா இல்ல, அது அவங்க மூட்டையே எதிரின்னு நெனச்சு அடிச்சிக்கிட்டு இருக்கு. டாக்டர் வாரம் ஒரு தடவை மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை குடுத்திருக்காரு, அது அந்த வேகத்த கொறைக்கிற மருந்து. ஆனா வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க எல்லாரும் உனக்கு எதிர்ப்பு சக்தி இல்லம்மா அதான் இப்படி, இந்த பொடிய சாப்பிடு அந்த கஷாயத்த குடின்னு சொல்றாங்க, பேப்பர்லயே போட்டிருக்கான்னு கட்டிங்க எடுத்து காட்டுறாங்க, அக்காவும் ஒரு சமயம் எதிர்ப்பு சக்திய கொறைக்கிற மாத்திரைய நான் ஏன் போடணும்னு பயந்து நிறுத்திட்டாங்க. கொஞ்ச நாள்ல விரல் மூட்டெல்லாம் வீங்கி காலைல டம்ளர கூட புடிக்க முடியல. இது எங்க வீட்ல மட்டும் நடக்குற விஷயம் இல்லன்னு ஆஸ்பத்திரி வார்டு வாசல்ல காத்திருந்த மத்தவங்க கிட்ட பேசுனப்போ தெரிஞ்சிது.

இப்போ அந்த நோபல் கதைக்கு வர்றேன், எனக்கு ரொம்ப புடிச்ச கதை. நம்ம ரத்தத்துல டி செல்னு வெள்ளையணு வகை இருக்கு, கிருமி தாக்குன செல்ல கண்டுபிடிச்சு அழிக்கிறதுல அதுக்கு பெரிய பங்கு. நெஞ்செலும்புக்கு பின்னாடி தைமஸ்னு ஒரு சுரப்பி, அங்க தான் டி செல் வளருது, வளரும்போதே நம்ம உடம்பையே தாக்கக்கூடியது எதுவோ அத அங்கயே கழிச்சிடும். இது பல வருஷமா தெரிஞ்ச விஷயம், இதோட கதை முடிஞ்சிதுன்னு தான் நெறைய பேரு நெனச்சாங்க. ஆனா ஜப்பான்ல ஒரு பழைய பரிசோதனை உறுத்திக்கிட்டே இருந்துச்சு. எலிக்குட்டி பொறந்து மூணாவது நாள் தைமஸ எடுத்துட்டா எதிர்ப்பு சக்தி கொறையும்னு தானே நெனப்போம், நடந்தது வேற, சில எலிகளோட எதிர்ப்பு மண்டலம் கட்டுப்பாடு இல்லாம கெளம்பி தைராய்டு, சினைப்பைன்னு சொந்த உறுப்புகளையே தாக்குச்சு. சகாகுச்சி அதுக்கு பின்னாடி போனாரு. நல்லா இருக்குற அதே இன எலியோட டி செல்ல எடுத்து இந்த எலிக்கு ஏத்துனாரு, நோய் வரல. அப்போ மத்த டி செல்ல அடக்கி வைக்கிற டி செல்லும் இருக்கணும்னு ஆகுது.

இதுல கஷ்டம் என்னன்னா அடக்குற டி செல்னு ஒரு கருத்த 1970கள்ல சிலர் சொல்லி, ஆதாரம் நிக்காம போய், அந்த துறையே கெட்ட பேரு வாங்கி கெடந்துச்சு. அதனால இவரு சொன்னத காது குடுத்து கேக்க ஆள் கம்மி. அவரு விடல. 1995ல சிடி25ங்கிற புரதத்த மேற்பரப்புல வெச்சிருக்குற ஒரு தனி வகை டி செல் தான் அதுன்னு காட்டுனாரு. ரெகுலேட்டரி டி செல்னு இன்னைக்கு சொல்றது இத தான். பல வருஷம் ஒத்த கேள்விய புடிச்சிக்கிட்டு இருந்த இந்த மனுஷன் மேல எனக்கு அவ்வளவு மரியாதை வருது.

இன்னொரு பக்கம் அமெரிக்காவுல ஓக் ரிட்ஜ்னு ஒரு ஆய்வுக்கூடம், கதிர்வீச்சு எலிகள என்ன பண்ணுதுன்னு பாத்துக்கிட்டு இருந்த எடம். 1940கள்ல அங்க தானாவே சில ஆண் எலிகள் தோல் செதில் செதிலா, மண்ணீரல் வீங்கி பொறந்துச்சு, சில வாரத்துல செத்துப் போச்சு. ஸ்கர்ஃபின்னு பேரு வெச்சாங்க. எந்த மரபணு கோளாறுன்னு 1990கள்ல தேட ஆரம்பிச்சவங்க தான் பிரங்கோவும் ராம்ஸ்டெல்லும், சியாட்டில் பக்கத்துல பாத்தல்ங்கிற ஊர்ல ஒரு பயோடெக் கம்பெனியில வேலை பாத்தாங்க. இன்னைக்கு மாதிரி கம்ப்யூட்டர்ல தட்டுனா எலியோட மொத்த மரபணு வரிசையும் வர்ற காலம் இல்ல. எக்ஸ் குரோமோசோம்ல கொஞ்சம் கொஞ்சமா எடத்த சுருக்கி 20 மரபணுவுல கொண்டு வந்து நிறுத்தி ஒவ்வொண்ணா பாத்தாங்க, கடைசியா பாத்த இருபதாவதுல தான் கோளாறு இருந்துச்சு. அதுக்கு ஃபாக்ஸ்பி3ன்னு பேரு. அதே மரபணு கெட்டா மனுஷனுக்கும் ஐபெக்ஸ்னு ஒரு கொடிய நோய் வருதுன்னு 2001ல வெளியிட்டாங்க, பெரும்பாலும் ஆண் குழந்தைங்களுக்கு, கைக்குழந்தையிலேயே சர்க்கரை நோய், நிக்காத வயித்துப்போக்கு, தோல் அழற்சின்னு எல்லாம் சேந்து வரும். ரெண்டு வருஷம் கழிச்சு சகாகுச்சியும் வேற சிலரும் ரெண்டு கதையையும் இணைச்சாங்க, அந்த அடக்குற டி செல் உருவாகவே ஃபாக்ஸ்பி3 தான் வேணும்னு.

அதாவது வண்டிக்கு ஆக்சிலேட்டர் மட்டும் இல்ல பிரேக்கும் இருக்கு, அந்த பிரேக் ஃபெயில் ஆனா கிருமியே இல்லாம கூட ஒரு குழந்தை செத்துப் போகலாம்னு நிரூபிச்சிருக்காங்க. பிரேக் அதிகமா போச்சுன்னாலும் ஆபத்து தான், புற்றுநோய் கட்டிங்க இந்த ரெகுலேட்டரி செல்ல தன்ன சுத்தி சேத்து வெச்சிக்கிட்டு எதிர்ப்பு மண்டலம் கிட்ட வராம பாத்துக்குது. அதனால தான் இப்போ ஒரு பக்கம் கட்டிய சுத்தி இருக்குற இந்த செல்ல கொறைக்கவும், இன்னொரு பக்கம் எதிர்ப்பு மண்டலம் சொந்த உடம்பையே தாக்குற லூபஸ், டைப் 1 சர்க்கரை மாதிரி நோய்ல, மாற்று உறுப்பு வெச்சவங்களுக்கு, இதே செல்ல கூட்டவும் மனுஷங்க மேல சோதனை நடக்குது. இன்னும் சோதனை தான், நாளைக்கே அக்காவுக்கு கெடைக்கும்னு நான் சொல்லல. கர்ப்பமா இருக்கும்போது பாதி அப்பாவோட மரபணு இருக்குற குழந்தைய அம்மா உடம்பு வெளியாள்னு தள்ளாம இருக்குறதுலயும் இந்த செல்லுக்கு பங்கு இருக்கு, இத படிச்சப்போ எனக்கு சிலிர்த்துப் போச்சு.

இவ்வளவு இருக்குறப்போ எதிர்ப்பு சக்தின்னா ஏதோ டேங்க்ல ரொப்புற தண்ணி அளவு மாதிரி எழுதுறது ரொம்ப தப்பு சார். சத்து கொறைவா இருக்குறவங்களுக்கு நல்ல சாப்பாடு வேணும், குழந்தைங்களுக்கு தடுப்பூசி வேணும், அதுல எனக்கு மாத்து கருத்தே இல்ல. ஆனா லூபஸ், முடக்குவாதம், சோரியாசிஸ்னு இருக்குறவங்களும் அதே பக்கத்த தான் படிக்கிறாங்க, அவங்கள மனசுல வெச்சிக்கிட்டு யாரும் எழுதுறதில்ல.

நான் கேக்குறது ரெண்டு தான். ஒரு வாத நோய் நிபுணர் கிட்ட, அதாவது ருமட்டாலஜிஸ்ட் கிட்ட, இந்த நோபல் கண்டுபிடிப்ப வெச்சு ரெண்டு மூணு வாரம் தொடர் எழுதி வாங்குங்க, எங்க பக்கத்து ஊருகள்ல எல்லாம் அந்த டாக்டர பாக்கவே மாவட்ட தலைநகர் வரைக்கும் போகணும், பேப்பர்ல வந்தா எத்தனையோ பேருக்கு போய் சேரும். அது வரைக்கும் எதிர்ப்பு சக்தி பத்தி எது போட்டாலும் கீழ ஒரு வரி கட்டாயம் போடுங்க, ஆட்டோ இம்யூன் நோய்க்கு, அதாவது எதிர்ப்பு மண்டலம் சொந்த உடம்பையே தாக்குற நோய்க்கு, மாத்திரை எடுக்குறவங்க டாக்டர கேக்காம மாத்திரைய நிறுத்தக் கூடாது, புது பொடியோ கஷாயமோ ஆரம்பிக்கவும் கூடாதுன்னு. பொடி எழுத்துல போடாதீங்க, வயசானவங்க கண்ணுக்கு தெரியுற சைஸ்ல போடுங்க.

இப்படிக்கு,
உங்க நீண்ட நாள் வாசகி,
மன்னார்குடி