அது அருங்காட்சியகம் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மூத்த ராக் குழுக்களின் மேடை நிகழ்ச்சிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அதில் ஒரு வரி மூன்று நாளாக மனதை அறுக்கிறது: "இந்த வயதில் இவர்களைப் பார்க்கப் போவது இசைக்காக அல்ல, அருங்காட்சியகத்துக்குப் போவதைப் போலத்தான்." எழுதியவர் அதை எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டார். என்னால் அப்படிப் போக முடியவில்லை.

கட்டுரையில் முதலில் வந்த பெயர் பிரிட்டிஷ் ராக் குழுவான ரோலிங் ஸ்டோன்ஸ். அவர்களை நான் இரண்டு முறை நேரில் பார்த்திருக்கிறேன். முதல் முறை 2003-இல், அடுத்தது 2022-இல். இரண்டு முறையும் கடைசிப் பாட்டு முடிந்து விளக்கு போடும் வரை நின்றேன்.

2003-இல் எல்லோரும் மேடையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடிய பாடகர் மிக் ஜாகரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் முதலில் அப்படித்தான். அப்புறம் என் கண் பின்னால் உட்கார்ந்திருந்த டிரம்மர் சார்லி வாட்ஸிடம் போய் நின்றுவிட்டது. அவ்வளவு பெரிய மேடையில் அவருடைய டிரம் செட் மிகச் சிறியது. வலது கை ஹை-ஹாட் என்னும் ஜோடி உலோகத் தட்டைத் தட்டிக்கொண்டே வரும். இடது கை ஸ்னேர் என்னும் டிரம்மில் விழும் நேரத்தில் மட்டும் வலது கை விலகிக்கொள்ளும். பெரும்பாலான டிரம்மர்கள் அந்த இடத்தில் இரண்டையும் சேர்த்தே அடிப்பார்கள். இவர் ஒன்றை விட்டுவிடுவார். அந்தப் பாட்டுகளுக்கு மூச்சு விட இடம் கிடைப்பது அங்கேதான். பல வருடம் இசைத்தட்டில் கேட்டும் எனக்கு அது பிடிபடவில்லை. கண்ணால் பார்த்த பிறகுதான் காதுக்கு எட்டியது.

இன்னொன்றும் அன்றுதான் புரிந்தது. வேறு குழுக்களில் எல்லோரும் டிரம்மரைப் பிடித்துக்கொண்டு போவார்கள். இங்கே கீத் ரிச்சர்ட்ஸ் கிட்டாரில் தொடங்குவார், சார்லி அவரைப் பின்தொடர்வார். பல பாட்டுகளுக்கு கீத் ஆறாவது தந்தியையே கழற்றிவிட்டு, மீதி ஐந்தையும் 'ஓப்பன் ஜி' சுருதியில், அதாவது விரல் வைக்காமல் மீட்டினாலே ஜி ஸ்வரக்கூட்டு ஒலிக்கும்படி, கூட்டி வாசிப்பவர். அவர் கை கொஞ்சம் தளர்ந்தால் தாளமும் தளரும், இறுகினால் அதுவும் இறுகும். பக்கத்தில் நின்று பல்லாண்டு வாசித்த ஆட்களுக்கு மட்டுமே வரக்கூடிய பழக்கம் அது. 1962-இல் தொடங்கிய குழுவில் சார்லி 1963-லிருந்து இருந்தவர். அந்த நாற்பது வருடம்தான் அன்று என் காதில் விழுந்தது. அருங்காட்சியகத்தில் எந்தப் பொருள் இப்படி அசைந்துகொடுக்கும், ஐயா?

2021 ஆகஸ்ட் 24 அன்று சார்லி இறந்தார். அவருக்கு வயது 80. அடுத்த ஆண்டு நான் போனபோது நிகழ்ச்சி தொடங்கும் முன் திரையில் அவருடைய படங்கள் ஓடின. என் அருகில் நின்ற பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு சார்லியின் இடத்தில் டிரம்மர் ஸ்டீவ் ஜோர்டன் வந்து உட்கார்ந்தார். 1980-களிலேயே கீத்துடன் வாசித்தவர். அவருடைய அடி சார்லியை விடக் கனமானது, நேரானது. பழைய பாட்டுகள் வேறு நடையில் நடந்தன. எனக்கு முதல் சில பாட்டுகள் ஒட்டவே இல்லை. ஆனால் 79 வயதை நெருங்கிய ஜாகர் அந்தப் புது நடைக்கு ஏற்பத் தன் வரிகளை வெட்டியும் சுருக்கியும் பாடியதைக் கேட்டபோது நான் அடங்கிவிட்டேன். அறுபது வருடமாகப் பாடும் ஒருவர் அங்கே நின்று புதிதாகக் கற்றுக்கொண்டிருந்தார். இது இசை இல்லை என்றால் எதை இசை என்பது?

சொல்லத் தொடங்கிவிட்டேன், முழுவதையும் சொல்லிவிடுகிறேன். சார்லி இறந்தபோது உங்கள் பத்திரிகை வெளியிட்ட அஞ்சலியில் பாதிக்கு மேல் ஜாகரைப் பற்றியே இருந்தது. சார்லி "அமைதியானவர்" என்று ஒரு வரி. அவர் ஜாஸிலிருந்து வந்தவர் என்பதோ, அந்தக் கை எப்படி விழுந்தது என்பதோ இல்லை. அன்றே கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை, பரவாயில்லை. 2019-இல் ஜாகருக்கு இதய வால்வு சிகிச்சை நடந்து, ஜூனில் அவர் சிகாகோ மேடைக்குத் திரும்பியபோது "இனியாவது ஓய்வெடுக்கக் கூடாதா" என்று கேட்டிருந்தீர்கள். அதே பத்திரிகைதான் எண்பது வயது சங்கீத வித்வான் மேடையேறினால் "கனிந்த ஞானம்" என்று எழுதுகிறது. அப்படி எழுதுவது சரியே, நானும் அதைப் படித்து மகிழ்பவன். அந்த மரியாதை கிட்டாரைக் கண்டால் மட்டும் எங்கே போகிறது?

பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, பதிவு செய்த குரலை ஓடவிட்டுக் காசு பார்ப்பவர்களும் உண்டு. அவர்களைக் கண்டித்து எழுதுங்கள், நானும் கூட நிற்கிறேன். ஆனால் எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். பாடகர் ஸ்டீவன் டைலரின் குரல்நாண் காயம் முழுதாக ஆறாது என்று தெரிந்ததும் அவருடைய ஏரோஸ்மித் குழு 2024 ஆகஸ்டில் சுற்றுப்பயணங்களையே கைவிட்டது. அயர்ன் மெய்டன் குழுவின் டிரம்மர் நிக்கோ மெக்பிரெய்ன் 2023-இல் பக்கவாதம் வந்த பிறகும் பயிற்சி செய்து டிரம்முக்குத் திரும்பினார். 2024 டிசம்பரில் சாவ் பாவ்லோவில் வாசித்துவிட்டுச் சுற்றுப்பயணத்திலிருந்து விடைபெற்றார். எப்போது நிறுத்துவது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நான் கேட்பது சிறிய விஷயம். இனி நேரடி நிகழ்ச்சி பற்றி எழுதும்போது பாடகரோடு டிரம்மர், பேஸ் கிட்டார் கலைஞர் பெயர்களையும் போடுங்கள். டாரில் ஜோன்ஸ் 1993-லிருந்து ஸ்டோன்ஸுக்கு பேஸ் வாசிக்கிறார். அவர் பெயரை உங்கள் பக்கங்களில் நான் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகன்