எந்த நாவலில் தொடங்குவது: ஸ்டார் வார்ஸ் மூத்த வாசகர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்டார் வார்ஸ் நாவல்களை நெடுங்காலமாக வாசித்து வருபவர்களும், புதிதாக வருவோருக்கு வாசிப்பு வரிசை சொல்லித் தருபவர்களுமான தமிழ் வாசக நண்பர்களுக்கு,

வணக்கம்.

திரைப்படங்களைப் பார்த்து முடித்த ஒருவர் நாவல்களின் பக்கம் திரும்பி, எதை முதலில் படிக்கலாம் என்று கேட்கும்போது, கதைக்குள் நிகழ்ச்சிகள் நடக்கும் காலவரிசைப்படி அடுக்கிய நீண்ட பட்டியல் ஒன்றை அவரிடம் கொடுப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கத்தைக் கைவிடுமாறு கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன். பட்டியலைத் தொகுப்பதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதை அறிவேன். பல நாவல்களின் முன்பக்கங்களில் பதிப்பாளர்களே அத்தகைய அட்டவணையை அச்சிட்டிருக்கிறார்கள் என்பதும் தெரியும். இரு நூல்களில் எதன் கதை முந்தியது என்று சரிபார்க்க அது பெரிதும் உதவும். ஆனால், அது ஏற்கெனவே பலவற்றைப் படித்தவருக்கான கருவி. இன்னும் ஒன்றையும் படிக்காதவருக்கு அதனால் பயனில்லை.

பழைய நாவல்களின் காலவரிசையில் முதலிடத்தில் நிற்பது டிம் லெப்பன் எழுதி 2013-இல் வெளியான ‘இன்ட்டு த வாய்ட்’. படங்களின் காலத்துக்கு 25,000 ஆண்டுகளுக்கும் முன்பு, நாம் அறிந்த ஜெடாய் வீரர்களின் அமைப்பே உருவாகாத ஒரு காலத்தில் அதன் கதை நடக்கிறது. படங்களின் நாயகர்களான லூக்கையும் லேயாவையும் மறுபடி சந்திக்க விரும்பி வந்தவரிடம் இதை நீட்டினால், அவர் தேடி வந்த முகங்களில் ஒன்றுகூட அதில் இராது. அந்த நாவலைக் குறை சொல்லவில்லை. பிற்கால ஜெடாய்களைப் பற்றி நிறையப் படித்து, அவர்களுடைய தொடக்கம் எப்படி இருந்திருக்கும் என்ற ஆவல் வளர்ந்த பிறகு படித்தால்தான் அது சுவைக்கும்.

காலவரிசை செய்யும் இன்னும் பெரிய தீங்கு, எழுத்தாளர் திட்டமிட்டு மறைத்து வைத்ததை முன்கூட்டியே வெளிப்படுத்திவிடுவது. டிமத்தி ஸான் 1991-இல் எழுதிய ‘ஏர் டு த எம்பயர்’ நாவலை நினைத்துப் பாருங்கள். முதலில் வந்த மூன்று படங்களான மூல முப்படங்கள் 1983-இல் முடிந்து எட்டு ஆண்டுகள் கழிந்திருந்த நேரத்தில், அவற்றை மட்டுமே அறிந்த வாசகருக்காக எழுதப்பட்ட நூல் அது. படங்களின் எதிரித் தரப்பான பேரரசு தோற்று ஐந்து ஆண்டுகள் ஆன நிலையில், அதன் கப்பல் தலைவர் பெலயானின் கண்கள் வழியாகவே, எஞ்சிய படையை நடத்தும் கிராண்ட் அட்மிரல் த்ரானை நாம் முதன்முதலில் பார்க்கிறோம். ஓர் இனத்தின் ஓவியங்களையும் சிற்பங்களையும் ஆராய்ந்து, அவ்வினத்தவர் போரில் எப்படிச் சிந்திப்பார்கள் என்று கணிக்கும் அந்த மனிதர் யார், அவரை நம்பலாமா, அவருக்கு எவ்வளவு தெரியும் என்ற பெலயானின் வியப்பும் தயக்கமும் நம்முடையவையும் ஆகின்றன. முதல் அத்தியாயத்திலேயே, எதிரிக் கப்பல்கள் எலோமின் இனத்தவருடையவை என்று தெரிந்த உடனே அவர்களுடைய கலையிலிருந்து அவர்களுடைய பலவீனத்தைக் கண்டுகொண்டு அவர் தாக்குதலை வகுக்கும் காட்சி, அவரைப் பற்றி எதுவும் அறியாதவருக்குத்தான் முழு வலிமையுடன் போய்ச் சேரும். 2020 முதல் 2021 வரை அதே ஆசிரியர் எழுதிய மூன்று நாவல்கள் த்ரானின் இளமைக்காலத்தை அவருடைய சொந்த மக்களிடையே வைத்துச் சொல்கின்றன. காலவரிசைப்படி அவற்றை முதலில் படிக்கச் சொன்னால், பெலயானுக்குத் தெரியாத அனைத்தும் வாசகருக்குத் தெரிந்துவிடும். இத்தனை நுட்பமாகக் கட்டப்பட்ட ஓர் அறிமுகம் வீணாகும்.

அப்படியானால் வெளிவந்த வரிசையில் படிப்பதே சரி என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். பெரும்பாலும் சரிதான் என்றாலும் அதையும் கண்மூடிப் பின்பற்ற முடியாது. ஆலன் டீன் ஃபாஸ்டர் 1978-இல் எழுதிய நாவலில் லூக்குக்கும் லேயாவுக்கும் இடையே காதலின் சாயல் உண்டு. அவர்கள் உடன்பிறந்தோர் என்பது படங்களில் பின்னர்தான் முடிவாயிற்று. இன்றைய புதிய வாசகருக்கு முதல் நூலாக அதைக் கொடுப்பது அவரைக் குழப்பவே செய்யும். அதுபோல, 1999 முதல் 2003 வரை 19 நாவல்களாக வந்த ‘நியூ ஜெடாய் ஆர்டர்’ வரிசையும் தொடக்கத்துக்கு ஏற்றதன்று. அதன் முதல் நூலிலேயே, படங்களின் மற்றொரு நாயகனான ஹானின் உற்ற தோழன் சூபாக்கா இறக்கிறான். அந்த மரணம் ஹானின் குடும்பத்தை எப்படிக் குலைக்கிறது என்பதை உணர, ஹானின் பிள்ளைகள் மூவரையும் முந்தைய நாவல்களில் ஓரளவேனும் அறிந்திருக்க வேண்டும்.

2014 ஏப்ரலில் படங்களைத் தயாரிக்கும் லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் பழைய நாவல்களை ‘லெஜண்ட்ஸ்’ என்று தனியாகப் பிரித்தது முதல், அவை இனிக் கணக்கில் வராது, ஆகவே படிக்க வேண்டாம் என்று புதியவர்களிடம் சிலர் சொல்லி வருகிறார்கள். இதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. அந்தப் பிரிவினை இனி எடுக்கப்படும் படங்கள் எவற்றுக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதைப் பற்றியது. 1991-இல் எழுதப்பட்ட ஒரு நல்ல கதையின் தரத்தை அது குறைக்கவில்லை. மேலும், தலைநகர்க் கோளுக்கான கோரஸான்ட் என்ற பெயரையே ‘ஏர் டு த எம்பயர்’ நாவலிலிருந்துதான் படங்கள் எடுத்துக்கொண்டன.

இன்றைய படங்களோடும் தொடர்களோடும் இசைந்து போகிற நூல்தான் வேண்டும் என்று ஒருவர் கேட்டால், கிளாடியா கிரே 2015-இல் எழுதிய ‘லாஸ்ட் ஸ்டார்ஸ்’ நாவலைச் சொல்லுங்கள். ஜெலுகான் என்ற கோளில் ஒன்றாக வளர்ந்து, ஒன்றாகவே பேரரசின் படைப்பள்ளியில் சேரும் இருவர், பின்னர் எதிரெதிர் அணிகளில் நிற்க நேர்கிறது. மூல முப்படங்களில் நாம் பார்த்த பெரிய போர்கள் அவர்களுடைய வாழ்க்கையின் ஊடாக மறுபடி வருகின்றன. ஒரே நூலில் முடிந்துவிடும். லூக்கின் ஸ்கைவாக்கர் குடும்பத்திலிருந்து முற்றிலும் விலகி நிற்க விரும்புபவருக்கு, 2021-இல் ‘லைட் ஆஃப் த ஜெடாய்’ நாவலுடன் தொடங்கிய ‘ஹை ரிபப்ளிக்’ வரிசை இருக்கிறது. அதன் இரண்டாம் கட்டம் முதல் கட்டத்துக்கு 150 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்கிறது என்பதைக் கவனியுங்கள். முதல் கட்டத்தில் எழும் கேள்விகளோடு வாசகர் பின்னோக்கிப் போக வேண்டும் என்று அதை எழுதியவர்களே விரும்பியிருக்கும்போது, நாம் அதைக் காலவரிசைப்படி மாற்றி அடுக்குவது முறையாகாது.

ஆகவே, அடுத்த முறை ஒருவர் கேட்கும்போது, படங்களில் அவருக்கு எது பிடித்தது என்று முதலில் விசாரியுங்கள். விண்கலப் போர்கள் என்றால் மைக்கேல் ஸ்டாக்போலின் ‘ரோக் ஸ்குவாட்ரன்’, லூக்கும் லேயாவும் ஹானும் பிறகு என்ன ஆனார்கள் என்பதே ஆவல் என்றால் ஸானின் நாவல் என்று ஒரே ஒரு பெயரைச் சொல்லுங்கள். அதை முடித்துவிட்டு, இந்தக் கதை எதற்கு முந்தியது, எதற்குப் பிந்தியது என்று அவராகவே கேட்டு வரும் நாளில் உங்கள் அட்டவணையை முழுவதுமாகக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போன்ற ஒரு வாசகர்