சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடிய சீசன்

ஆம்ஹர்ஸ்ட், மாசசூசெட்ஸ்
டிசம்பர் 22

அன்புள்ள முத்து,

உன் கடிதம் வந்து நாளாயிற்று. செமஸ்டர் கடைசி, விடைத்தாள் திருத்துகிற வேலை, நடுவில் கென்டக்கி பயணம் என்று நாட்கள் போனதே தெரியவில்லை. உன் அப்பாவின் மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. வாக்கரை மூலையில் சாத்திவிட்டு, கம்பை ஊன்றிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிட்டாராமே! அவர் அப்படித்தான் செய்வார். பிசியோதெரபியை மட்டும் பாதியில் விடாமல் பார்த்துக்கொள்.

நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு அம்மா, "ஏன்டா இவன் சைக்கிளைத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடுறான், பஞ்சரா?" என்று கேட்டார்களாம். பஞ்சர் இல்லை என்று சொல்லிவிடு. இங்கே பந்தயமே அதுதான். சைக்ளோகிராஸ் என்று பெயர்.

நீயும் விவரமாக எழுதச் சொல்லியிருந்தாய், அதனால் எழுதுகிறேன். ஒரு பூங்காவையோ பள்ளி மைதானத்தையோ எடுத்துக்கொண்டு, புல்வெளியில் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் டேப் கட்டி, குறைந்தது 3 மீட்டர் அகலத்துக்கு வளைந்து வளைந்து ஒரு பாதை போடுவார்கள். ஒரு சுற்று இரண்டரையிலிருந்து மூன்றரை கிலோமீட்டர். புல், மண், மணல், மர வேர், சில இடங்களில் படிக்கட்டு, ஏறவே முடியாத ஒரு மேடு எல்லாம் வரும். நடுவே 40 சென்டிமீட்டர் உயரத்தில் இரண்டு பலகைகள், 4 மீட்டர் இடைவெளியில் நிற்கும். ஓட்டிக்கொண்டே வந்து, வேகம் குறையாமல் இடப்பக்கம் இறங்கி, சைக்கிளைத் தூக்கியபடி இரண்டையும் தாண்டி, ஓடுகிற ஓட்டத்திலேயே மறுபடி சீட்டில் ஏற வேண்டும். செயின் வலப்பக்கம் இருப்பதால் இறங்குவதும் ஏறுவதும் எப்போதும் இடப்பக்கம்தான். ஏறும்போது மேலே குதிக்கக் கூடாது. தொடையின் உள்பக்கம் சீட்டில் பட்டு வழுக்கிக்கொண்டு போய் உட்கார வேண்டும். குதித்து ஏறினால் என்ன ஆகும் என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சைக்கிள் பார்ப்பதற்கு வளைந்த ஹேண்டில்பார் வைத்த ரோடு ரேஸ் சைக்கிள் மாதிரியே இருக்கும். டயரில் மட்டும் பல் உண்டு. அதன் அகலம் 33 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேச விதி. உங்கள் வீட்டுத் திண்ணையில் நிற்கிறதே அப்பாவின் பழைய சைக்கிள், அதன் டயரே ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர். அதைவிட ஒல்லியான டயரில் போய்ச் சேற்றில் புரண்டு வா என்கிறார்கள்!

இந்த விபரீதத்தை ஆரம்பித்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். குளிர்காலத்தில் ரோடு ரேஸ்காரர்களின் உடம்பு தளராமல் இருக்க வயல், வேலி, ஓடை என்று குறுக்கே ஓட்டிப் பழகியிருக்கிறார்கள். 1902-லேயே அங்கே தேசியப் போட்டி நடந்திருக்கிறது. 1910-ல் டூர் டி பிரான்ஸை ஜெயித்த ஒக்தாவ் லாபீஸ், தன் வெற்றிக்கு இந்தப் பயிற்சியும் ஒரு காரணம் என்று சொன்ன பிறகு ஊரெல்லாம் பரவியதாம். 1950-ல் பாரிஸில் முதல் உலகப் போட்டி நடந்தது. இப்போது பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதிதான் இதற்குத் தாய்வீடு. அங்கே ஆண்கள் போட்டி மதியம் 3 மணிவாக்கில் தொடங்கும்போது இங்கே காலை 9. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போட்டிக்குக் கிளம்பும் நேரத்தில் வேனில் யாராவது ஒருவர் போனில் அதை ஓடவிட்டிருப்பார். நெதர்லாந்துச் சாம்பியன் வான் டெர் பூல் பலகைகளுக்காக இறங்குவதே இல்லை, சைக்கிளோடு குதித்தே தாண்டிவிடுவார். எங்கள் அணியில் ஒரு பையன் அதைப் பார்த்துவிட்டு முயற்சி செய்து முன்சக்கரத்தை எட்டாக வளைத்துக்கொண்டு வந்தான்.

இந்த வயதில் உன்னை எப்படிக் கல்லூரி அணியில் சேர்த்தார்கள் என்று கேட்டிருந்தாய். சைக்கிள் பந்தயம் இங்கே கூடைப்பந்து, அமெரிக்கக் கால்பந்து மாதிரி கல்லூரி விளையாட்டுகளை நடத்துகிற என்சிஏஏ அமைப்பின் கீழ் வருவதில்லை. யுஎஸ்ஏ சைக்கிளிங் என்கிற சங்கம் நடத்துகிறது. முழுநேர மாணவனாக இருந்தால் போதும். பிஎச்டி செய்கிறவனும் ஓட்டலாம். சில கல்லூரிகள் கோச், உதவித்தொகை எல்லாம் கொடுத்து வார்சிட்டி அணி வைத்திருக்கின்றன. மற்றவர்கள் கிளப் பிரிவு, அதாவது எங்களைப் போல மாணவர்களே காசு சேர்த்து, வேன் வாடகைக்கு எடுத்து, மோட்டல் அறையில் நான்கு பேர் படுத்துச் சமாளிப்பவர்கள். எனக்கு சைக்கிள் கிளப்பில் இரவல் கொடுத்தார்கள். நுழைவுக் கட்டணம் 30, 40 டாலர். உதவித்தொகையில் வாழ்கிறவனுக்கு அதுவே கை கடிக்கும்.

முதலில் நான் சேர்ந்தது வசந்தகால ரோடு ரேஸில். அது எனக்கு ஒத்துவரவில்லை முத்து. ரோட்டில் கூட்டத்தோடு ஒட்டி ஓட்டினால் முன்னால் போகிறவன் காற்றைத் தாங்கிக்கொள்வான், உனக்குக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். ஒரு மேட்டில் நாலு மீட்டர் விட்டுவிட்டாய் என்றால் அந்தச் சலுகை போயிற்று. கூட்டம் கண்ணில் இருந்தே மறைந்துவிடும். மீதி ஒன்றரை மணி நேரம் மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே தனியாக ஓட்டிக்கொண்டு வரவேண்டும். திரும்பி வரும்போது டென்டைப் பிரித்து மடித்துக்கொண்டிருப்பார்கள்.

சைக்ளோகிராஸில் அப்படித் தொலைந்துபோக வழியே கிடையாது. வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரை ஒட்டித்தான் இருக்கும், அதனால் ஒருவன் பின்னால் ஒட்டிக்கொள்வதில் பெரிய லாபம் இல்லை. பாதை அதே பூங்காவுக்குள் மடிந்து மடிந்து வருவதால் உனக்கு அரை நிமிடம் முன்னால் போகிறவன் டேப்புக்கு அந்தப் பக்கம் எதிரே வருவான். பின்னால் வருகிறவனும் அப்படியே. 30-ஆம் இடத்தில் இருந்தாலும் 29-ஐ எட்டிப் பிடிக்கிற ஆசையும் 31 வந்துவிடுவானோ என்கிற பயமும் கடைசிச் சுற்றுக்கு மணி அடித்த பிறகும் விடாது. முதலில் வருகிறவனுக்கு ஒரு போட்டி என்றால் எங்களுக்கும் ஒரு போட்டி. வேடிக்கை பார்க்கிறவர்களும் அப்படியே நினைக்கிறார்கள். மாட்டு மணியை ஆட்டிக்கொண்டு, கடைசியில் வருகிறவனைத்தான் அதிகமாகக் கிண்டல் பண்ணுவார்கள்: "பலகை கடிக்காதுப்பா, தாண்டு!" கிண்டல் பண்ணினால் கவனிக்கிறார்கள் என்று அர்த்தம். நான் இந்த விளையாட்டில் தங்கிவிட்டதற்குக் காரணம் இதுதான், வேறு பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பள்ளி விளையாட்டு விழாவில் ஸ்லோ சைக்கிள் ரேஸ் வைப்பார்களே, காலை ஊன்றாமல் கடைசியாக வருகிறவனுக்கு எவர்சில்வர் டம்ளர் பரிசு? ஈரப் புல்லில் சின்ன இடத்துக்குள் அரைவட்டமாகத் திரும்புகிற வளைவுகளில் எனக்கு அந்த வித்தைதான் கைகொடுக்கிறது. பலத்தில் என்னை விட்டுவிட்டுப் போகிறவர்கள் அங்கே பிரேக்கைப் பிடித்து, காலை ஊன்றி, மறுபடி மிதித்துத் தவிப்பார்கள். நீ இங்கே இருந்தால் அந்த வளைவுகளில் என்னையும் முந்திவிடுவாய்.

ஆனால் வளைவில் நிற்க வைப்பது கடைசியில் டயர்தான். ரோடு சைக்கிள் டயரில் 80 பிஎஸ்ஐ காற்றடிப்பார்கள். நம் ஊர்க் கடைக்காரர் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, கல் மாதிரி ஆகும்வரை விடமாட்டார். இங்கே 22, சேறு என்றால் இன்னும் குறைவு. போட்டியன்று காலையில் எல்லோரும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, குந்தி உட்கார்ந்து, வால்வை ஒரு தட்டுத் தட்டுவார்கள். மறுபடி ஒரு சுற்று, மறுபடி ஒரு தட்டு. சுற்றுக்கு ஒரு தடவையாவது ரிம் ஏதாவது வேரில் 'டொக்'கென்று இடிக்காவிட்டால் காற்று அதிகம் என்பது எங்கள் அணி மெக்கானிக்கின் கணக்கு. இரண்டு தடவை இடித்தால் அவருக்கே முகம் மாறிவிடும். காற்றைக் குறைக்கக் குறைக்க டயர் மண்ணில் பரவிப் பிடிக்கும். அதற்கும் கீழே போனால் திரும்பும்போது ரிம்மிலிருந்து விளிம்பு விலகி உள்ளே இருக்கிற காற்று ஒரே மூச்சில் போய்விடும். அந்த ஒன்றிரண்டு பிஎஸ்ஐக்காக மணிக்கணக்கில் வாதம் நடக்கும். வெண்டைக்காய்க் குழம்புக்குப் புளி எவ்வளவு என்று உன் அம்மாவும் அத்தையும் போடுகிற சண்டைக்கு இது சளைத்ததல்ல.

செப்டம்பரில் புழுதி, அக்டோபரில் காய்ந்த இலை. அதெல்லாம் சும்மா ஒத்திகை. நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் போட்டி, முந்தின ராத்திரி முழுக்க மழை பெய்து, மறுபடி காலையிலும் தூறியது. முதல் சுற்றிலேயே பின்சக்கரக் கியரில் புல்லும் சேறும் சேர்ந்து கயிறாகச் சுற்றிக்கொண்டன. கியர் மாறவில்லை. மேட்டில் தோளில் போட்டேன். 9 கிலோ சைக்கிள் அரிசி மூட்டையாகக் கனத்தது. இந்த மாதிரி நாளுக்காகத்தான் பிட் என்று ஓர் இடம் உண்டு. பாதை அதைச் சுற்றுக்கு இரண்டு தடவை ஒட்டிப் போகும். உள்ளே நுழைந்து சேற்று சைக்கிளைக் கொடுத்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். நீ அரைச் சுற்று போய் வருவதற்குள் பிட்டில் இருப்பவர் பிரஷர் வாஷரில் அதைக் கழுவி, செயினுக்கு எண்ணெய் விட்டு வைத்திருப்பார். பிட் வாசலைத் தாண்டிப் போய்விட்டால் திரும்பி வரக் கூடாது, அடுத்த தடவைவரை அதே சைக்கிளோடுதான் தள்ள வேண்டும்.

பணக்காரர்களுக்கு இரண்டு சைக்கிள். எங்களுக்கு ஏது? எங்கள் அணியில் இளங்கலை படிக்கிற ஒரு பெண், தன் போட்டியை முடித்துவிட்டு, ஷூவைக்கூடக் கழற்றாமல் தன் சைக்கிளைக் கழுவி எனக்காகப் பிட்டில் நின்றாள். சீட்டின் உயரத்தைக் குறிக்க அதன் தண்டில் முன்பே மஞ்சள் டேப் சுற்றியிருந்தது: அவளுக்கு ஓர் அடையாளம், எனக்கு இரண்டு விரற்கடை மேலே ஓர் அடையாளம். நான் நுழைந்ததும் இடக்கையால் என் சைக்கிளைப் பிடித்து, வலக்கையால் அவளுடையதைச் சீட்டைப் பிடித்துத் தள்ளிவிட்டாள். "கியர் நடுவில் இருக்கிறது, போ!" என்ற சத்தம் மட்டும் கேட்டது. கடைசிச் சுற்றில் வேறொரு கல்லூரிக்காரனும் நானும் தோளில் சைக்கிளோடு மேட்டில் அருகருகே ஓடி, ஏறி, இறங்கி, கோட்டில் அரைச் சக்கர வித்தியாசத்தில் நான் முந்தினேன். 27-ஆம் இடம். இரண்டு பேரும் புல்லில் விழுந்து கிடந்து இருமிக்கொண்டிருந்தோம்.

தேசியப் போட்டி கென்டக்கியில், லூயிவில் நகரத்து ஜோ கிரீசன் பூங்காவில். இங்கிருந்து 1,400 கிலோமீட்டருக்கு மேல், மாற்றி மாற்றி வேன் ஓட்டிக்கொண்டு போனோம். இதே ஊரில்தான் 2013-ல் ஐரோப்பாவுக்கு வெளியே முதல் தடவையாக உலகப் போட்டி நடந்தது. ஒஹாயோ நதி வெள்ளம் மைதானத்தை நோக்கி ஏறிவர, இரண்டு நாள் போட்டிகளை எல்லாம் சனிக்கிழமை ஒரே நாளில் ஓட்டி முடித்தார்களாம். பெல்ஜியத்தின் ஸ்வென் நைஸும் நெதர்லாந்தின் மரியான் வோஸும் ஜெயித்த அந்த நாளில் எங்கள் மெக்கானிக் டேப் ஓரத்தில் நின்றிருக்கிறார். ராத்திரி முழுக்க அந்தக் கதைதான்.

என் போட்டியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பெரிய போட்டிகளில் 80 சதவீத விதி என்று ஒன்று உண்டு: முதலில் போகிறவனின் ஒரு சுற்று நேரத்தில் 80 சதவீதம் அளவுக்குப் பின்தங்கிவிட்டால் வெளியே எடுத்துவிடுவார்கள். கடைசிச் சுற்றுகளுக்கு முன்பே என்னை எடுத்துவிட்டார்கள். பட்டியலில் இடம் இருக்கும், கடைசிச் சுற்று மணிச் சத்தம் மட்டும் கிடையாது. முன்னால் வருகிறவர்களுக்கு நாங்கள் இடைஞ்சலாகக் கூடாது என்கிற நியாயம் புரிகிறது. இருந்தாலும் எனக்கு அந்த விதி பிடிக்கவில்லை. பின்வரிசைக்காரனின் பந்தயத்தை நடுவில் நிறுத்துவதற்கு அவ்வளவு தூரம் எதற்காக வரவழைக்க வேண்டும்? சரி, போகட்டும். உடம்பைத் துடைத்துவிட்டு மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு பிட்டுக்குப் போனேன். மறுநாள் அந்தப் பெண்ணின் போட்டிக்கு நான்தான் வாஷர் பிடித்தேன். அவள் பத்துக்குள் வந்தாள். என் சைக்கிளில் ஒரு சுற்று ஓட்டியிருக்கிறாள் என்பதை இங்கே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

அப்புறம், யாழினிக்கு சைக்கிள் வாங்குவது பற்றிக் கேட்டிருந்தாய். ஏழு வயதுக்கு 20 இன்ச் சரியாக இருக்கும். வளர்ந்தால் பொருந்தும் என்று கடைக்காரர் 24 இன்ச்சைத் தலையில் கட்டப் பார்ப்பார், வாங்காதே. சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு காலின் முன்பாதமும் தரையில் பட வேண்டும், பிரேக் பிடி அவள் விரலுக்கு எட்ட வேண்டும். கியர் வேண்டாம், ரிப்பேர் செலவுதான். பக்கச் சக்கரம் மாட்டித் தருகிறேன் என்பார்கள், அதுவும் வேண்டாம்; ஆரம்பத்தில் பெடலைக் கழற்றிவிட்டு, சீட்டை நன்றாக இறக்கி, காலால் உந்தி ஓட்டவிடு. பேலன்ஸ் வந்ததும் பெடலை மாட்டிக்கொள்ளலாம். என்ன விலை சொல்கிறார்கள் என்று விசாரித்து எழுது, பாதிப் பணம் மாமாவுடையது.

அப்பா அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். ஜூலையில் வரப் பார்க்கிறேன். டிக்கெட் போட்டதும் தெரிவிக்கிறேன்.

அன்புடன்,
சரவணன்