மூடி கழற்றாத கமரா

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையின் கடைசிப் பக்கம் முழுவதையும் பிடித்திருந்த கமரா விளம்பரத்தைப் பற்றி எழுதுகிறேன். நனைந்த சேலையில் ஒரு பெண் அலைக்குள் முழந்தாளிட்டிருக்கிறார். கையில் கமரா. பதினொரு வருடமாகப் பறவைகளைப் படமெடுத்துத் திரிகிறவள் என்பதால் என் கண் நேரே கமராவுக்குத்தான் போனது. லென்ஸின் மூடி கழற்றப்படவில்லை. வார் கழுத்தில் இல்லை. உப்புத் தண்ணீர் தெறிக்கிற இடத்தில், லட்சக்கணக்கில் விலை போகும் சாமானைத் தேங்காய்ப் பாதியை ஏந்துவதுபோல ஏந்தியிருக்கிறார். அவர் படமெடுக்கப் போவதில்லை என்பது விளம்பரம் செய்தவருக்கும் தெரியும், பார்க்கிறவருக்கும் தெரியும்.

பண்பாடு சீரழிகிறது என்று புலம்பும் கடிதம் என நினைத்து இதை ஒதுக்கிவிட வேண்டாம். அப்படி எழுதுகிறவர்கள் அடுத்த வரியிலேயே பெண்பிள்ளைகள் கோயிலுக்கு எதை உடுத்து வரவேண்டும் என்று தொடங்கிவிடுவார்கள். அவர்களோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்தப் பெண் எதை உடுத்தினார் என்பது அவர் பாடு. கமரா வாங்கக் காசு சேர்த்து வைத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு அந்தப் பக்கம் என்ன சொல்கிறது என்பதே என் கேள்வி.

வியாபாரம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்பீர்கள். கமரா செய்து விற்ற கொடக் நிறுவனம் 1893இலேயே தன் விளம்பரத்தில் பெண்ணை வைத்தது. அந்தப் பெண் பயணம் போனாள், கமராவைத் தூக்கினாள், படமெடுத்தாள். கோடு போட்ட அவளுடைய சட்டை உலகம் முழுக்கப் பிரபலமானது. 'இதை நீயும் செய்யலாம்' என்று சொல்லித்தான் அவர்கள் பெண்களுக்குக் கமரா விற்றார்கள். அதே நிறுவனம் பிற்காலத்தில் நீச்சல் உடைப் பெண்ணின் ஆளுயர அட்டைப்படத்தைக் கடைகளில் நிறுத்தியது என்பது வேறு கதை.

இந்த விளம்பரம் தனியாக வரவில்லை. சில மாதங்களுக்கு முன் ஒரு பயிற்சி நிலையம் மணற்காடு என்ற கடலோர ஊரில் ஒருநாள் படப்பிடிப்புப் பயிற்சி என்று துண்டுப்பிரசுரம் அடித்திருந்தது. கட்டணம் 3,500 ரூபா, பெண்களுக்கு இலவசம். மகிழ்ச்சியோடு தொலைபேசி எடுத்தேன். "அக்கா, மாடலாக வருகிறவர்களுக்குத்தான் இலவசம். மகளுக்காகவா கேட்கிறீர்கள்?" என்றார் மறுமுனையில் பேசிய தம்பி. எனக்கு வயது 47. ஜூலியா மார்கரட் கமரன் என்ற பெண்மணிக்கு 1863இல் முதல் கமரா கிடைத்தபோது வயது 48. வாங்கிக் கொடுத்ததே அவருடைய மகள்தான். உலகம் இன்றும் பேசுகிற உருவப்படங்களை எடுத்த அந்த மனிசி கடைசிக் காலத்தில் இலங்கைக்கு வந்து, தோட்டத் தொழிலாளர்களையும் படமெடுத்து, 1879இல் இறந்தார். பொகவந்தலாவையில்தான் புதைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் அந்தத் தம்பிக்குச் சொல்லவில்லை. காசைக் கட்டிவிட்டுப் போனேன்.

மணலில் புதைந்துபோன பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவரடி. பதினாறு ஆண்கள், நான், மாடலாக வந்த பிள்ளை. இருபது வயது இருக்கலாம். உச்சி வெயில். ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஒருவர் போத்தல் தண்ணீரை அவள் தோளில் ஊற்றினார், துணி ஒட்டவேண்டுமாம். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று அதே போத்தலைக் கையில் வைத்திருந்தவர் கேட்கவில்லை. படங்களுக்கு இடையில் அவள் ஒற்றைச் செருப்பின்மேல் இரண்டு பாதங்களையும் ஒடுக்கிக்கொண்டு நின்றாள். மற்றச் செருப்பு படத்துக்குள் வருகிறது என்று யாரோ எடுத்து எறிந்திருந்தார்கள். இதற்கிடையில் மூன்று பேர் நான் கேளாமலே அபேச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துளை) என்றால் என்னவென்று எனக்கு விளக்கினார்கள். அதில் ஒருவர் சொன்னது பிழை.

திரும்பும்போது வான் வண்டிக்குள் அந்தப் பிள்ளை என் பக்கத்தில் இருந்தாள். "அன்ரி, இந்தப் படங்களை எங்கே போடுவார்கள்?" என்று கேட்டாள். முன் இருக்கையில் இருந்தவரைக் கேட்டேன். அவர் சிரித்தார்.

படம் எங்கெல்லாம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1972 நவம்பரில் பிளேபோய் என்ற ஆண்களுக்கான கவர்ச்சிப் பட இதழுக்கு லெனா என்ற சுவீடன் பெண் நின்ற படத்தின் மேற்பகுதியை, அடுத்த வருடம் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வாளர்கள் வெட்டியெடுத்துக் கணினிக்குள் ஏற்றினார்கள். படங்களைச் சுருக்கும், தெளிவாக்கும் முறைகளைச் சோதிக்க அதுவே உலகம் முழுக்க மாதிரிப் படமாகிவிட்டது. அந்தத் துறையைப் படிக்க வந்த பெண்கள் பாடப் புத்தகத்தைத் திறந்தால் அந்த முகம். போதும், என்னை விட்டுவிடுங்கள் என்று லெனாவே பின்னாளில் கேட்டார். ஐ.ட்ரிபிள்.ஈ என்ற சர்வதேசப் பொறியியலாளர் அமைப்பின் கணினிச் சங்கம் அந்தப் படத்தோடு வரும் கட்டுரைகளை இனி ஏற்பதில்லை என்று நிறுத்தியது 2024 ஏப்ரலில். அரை நூற்றாண்டு! மணற்காட்டுப் பிள்ளையின் கேள்விக்கு வானுக்குள் இருந்த யாரிடமும் பதில் இல்லாததில் வியப்பில்லை.

பெண்ணைப் போடாவிட்டால் விற்காது என்பது உங்கள் விளம்பரப் பகுதியின் வாதமாக இருக்கும். போர்முலா வன் கார்ப் பந்தயத்தில் தொடக்கக் கோட்டில் பெண்களை அலங்காரத்துக்கு நிறுத்தும் வழக்கத்தை 2018இல் கைவிட்டார்கள். கார்கள் நின்றுவிடவில்லை. நம்முடைய ஊரில் மோட்டார் சைக்கிள் டயர்க் கடைக் கலண்டரைப் பற்றி இன்னொரு கடிதமே எழுதலாம், அதை விடுவோம்.

விளம்பரத்தைத் தடைசெய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. கடைக்காரர் அடுத்த முறை வரும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். படத்தில் இருக்கிற பெண்ணுக்கு அது பத்திரிகையில் வரும் என்று தெரியுமா? அவர் கையில் இருக்கிற பொருளை அவர் பாவிக்கிறாரா? ஜாதகப் பொருத்தமே பத்துப் பார்க்கிற ஊரில் இரண்டு கேள்வி பெரிய சுமை இல்லை. அந்த விளம்பரத்துக்கு மறுபக்கம் உங்கள் மகளிர் பக்கம் வந்திருந்தது, அதில் பெண் தொழில்முனைவோர் பற்றிய கட்டுரை. தாளை வெளிச்சத்தில் பிடித்தால் ஒன்றுக்குள் ஒன்று தெரிகிறது.

இத்துடன் ஒரு படம் அனுப்புகிறேன். யாழ்ப்பாணத்துப் பண்ணைத் தாம்போதி ஓரத்தில், விடிய ஐந்தே முக்காலுக்கு, பூநாரைகள் எழும்புகிற நேரம் என் மாணவி ஒருத்தி இரவல் கமராவில் எடுத்தது. ஓரத்தில் கொஞ்சம் கலங்கியிருக்கிறது, இரண்டு மணித்தியாலம் இடுப்பளவு தண்ணீரில் நின்றவளின் கை நடுங்கியிருக்கிறது. வாசகர் படப் பகுதியில் போடுவதானால் அவளிடம் நேரே கேட்டுவிட்டுப் போடுங்கள். தொலைபேசி இலக்கம் படத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது. பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு எடுக்கவும், அதுவரை வகுப்பு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அரியாலை.