காயில் கட்டினால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் ஊரில் தண்ணீர் வராத நாளெல்லாம் 'மோட்டார் ரிப்பேர்' என்ற ஒரே பதில்தான் கிடைக்கிறது. அந்த மோட்டாரை எனக்கு நன்றாகத் தெரியும். முப்பது வருடமாக, எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச் சுருளை, புதிதாகக் கட்டுகிறவன் நான். ஆற்றோர நீரேற்று நிலையத்தின் 60 குதிரைத்திறன் மோட்டாருக்கு நானே நாலு முறை கட்டியிருக்கிறேன்.

கட்டினால் எனக்கு வருமானம்தான். ஆனாலும் இதை நிறுத்தச் சொல்லித்தான் எழுதுகிறேன். எரிந்த காயிலை உருவ, அது பதிந்திருக்கும் இரும்புப் பகுதியான ஸ்டேட்டரைச் சூடேற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் அதிலுள்ள மெல்லிய இரும்புத் தகடுகளுக்கு (ஸ்டாம்பிங்) இடையே மின்சாரம் பாயாமல் தடுக்கும் பூச்சு கொஞ்சம் கெடும். மோட்டார் முன்பைவிடச் சூடாகும், கரண்டும் கூட இழுக்கும்.

அதைவிடப் பெரிய பிரச்சினை பம்பு. போன மாதம் மோட்டாரை மாட்டப் போனபோது பம்பையும் திறந்து பார்த்தோம். ஆற்று மணல் அரித்து, உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரின் விளிம்பு கத்திமுனை மாதிரி ஆகிவிட்டது. தள்ளிய தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வியர் ரிங் என்ற வளையத்தின் இடைவெளியில் என் சுண்டுவிரல் நகம் போகிறது. தொட்டிக்கு ஏற வேண்டிய தண்ணீரில் ஒரு பங்கு பம்புக்குள்ளேயே சுற்றி வருகிறது. பம்பின் தண்டு வெளியே வரும் இடத்தை அடைக்கும் கிளாண்டில் ஒழுகுவதற்கு ஆபரேட்டர் ஒரு வாளி வைத்திருக்கிறார், பாவம், அதைக் கொட்டுவதே அவருக்கு ஒரு வேலை.

60 குதிரைத்திறன் என்றால் ஏறக்குறைய 45 கிலோவாட். நாளுக்கு 16 மணி நேரம் ஓடினால் 720 யூனிட். அதில் கால்வாசி வீண் என்று வைத்தாலும் வருடத்துக்கு 65,000 யூனிட்டுக்கு மேல் போகிறது. ஒரு பம்பின் ஆயுளில் அதை வாங்கிய விலை சிறு பங்குதான், மின் கட்டணம்தான் பெரும்பங்கு. பம்பு வாங்கப் பணமில்லை என்கிறவர்கள் கரண்ட் பில்லை எடுத்துப் பார்க்க வேண்டும்.

இதற்கு நடுவே மேட்டுத் தெருவில் புதிதாக இரண்டு மேல்நிலைத் தொட்டிகள் கட்டியாயிற்று. பம்பு என்னவோ பழைய தொட்டியின் உயரத்துக்கு வாங்கியதுதான். மேட்டுத் தெருப் பெண்கள் இன்னும் கீழே இறங்கி வந்துதான் குடம் நிரப்புகிறார்கள்.

நகரங்களின் குடிநீர் வசதிக்காக மத்திய அரசு 2015-இல் தொடங்கிய அம்ருத் திட்டத்தின் சீர்திருத்தங்களிலேயே தண்ணீர், மின்சாரத் தணிக்கை இருந்தது. எங்கள் நிலையத்தில் ஏறும் தண்ணீரை அளக்க ஒரு ஃபுளோ மீட்டர்கூட இல்லை. அதை மாட்டி, ஆயிரம் லிட்டர் ஏற்ற எத்தனை யூனிட் ஆகிறது என்று மாதாமாதம் போர்டில் எழுதிப் போடட்டும்.

இரண்டாவது பம்பு இருந்த சிமெண்ட் மேடை ஆறு வருடமாகக் காலியாகக் கிடக்கிறது. முதலில் அதில் மோட்டாரோடு சேர்த்துப் புதுப் பம்பு ஒன்றை ஏற்றட்டும். பழையதை அப்புறம் கழற்றலாம்.

- மோட்டார் மெக்கானிக் ஒருவர், கரூர் மாவட்டம்