காசு கொடுக்கும் முன் பெட்டியைத் திறக்க விடுங்கள்

நுகர்வோர் அலுவல்களுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். இணையத்தில் பொருள் வாங்கி ஏமாந்தவர்களின் முறைப்பாடுகள் உங்களுக்குப் புதிதல்ல. அதனால் சென்ற செவ்வாய்க்கிழமை கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு வாசலில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

முழங்கால் வலியோடு அம்மாவால் 100ஆம் இலக்க பஸ் ஏறிப் புறக்கோட்டைக்குப் போக முடியாது. நான்தான் முகநூலில் பார்த்து ஒரு கிரைண்டருக்கு ஓடர் கொடுத்தேன். பொருள் கைக்கு வந்ததும் காசு. பார்சல் வந்த நேரம் நான் வேலையில். "பிரிச்சுப் பார்த்திட்டுத் தாறன் தம்பி" என்று அம்மா கேட்டிருக்கிறார். "காசு தந்தாத்தான் பிரிக்கலாம் அம்மா" என்றானாம் பார்சல் கொண்டுவந்த பையன், ஹெல்மெட்டைக் கழற்றாமலே. அவனைக் குறை சொல்லவில்லை, அவனுக்கு அன்றைக்கு இன்னும் எத்தனை வீடோ. பிஸ்கட் டின்னில் இருந்த 8,900 ரூபாவை அம்மா இரண்டு தரம் எண்ணிக் கொடுத்தார்.

திறந்தால், ஜாரின் அடியில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. சுவிட்சைப் போட்டால் சத்தமே இல்லை. பெட்டியில் விற்றவர் பெயரில்லை, விலாசமில்லை, பில்லும் இல்லை. முகநூலில் கேட்டேன், புளொக் பண்ணிவிட்டார்கள்.

புறக்கோட்டைக் கடைக்காரர்கள் எல்லாரும் அரிச்சந்திரர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு பல்பு வாங்கினாலும் எரியவைத்துக் காட்டித்தான் கையில் தருவார்கள். பழுதென்றால் திரும்பிப் போய்ச் சண்டை பிடிக்க ஒரு வாசலாவது இருக்கும். இங்கே யார் வாசலுக்குப் போவது?

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும். சரி, யாரிடம் கேட்பது? ஹெல்மெட்டிடமா? நாடே டிஜிட்டல் ஆகிறது என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். டிஜிட்டல் ஆனதில் முதலில் காணாமல் போனது வியாபாரியின் விலாசம்தான் போலிருக்கிறது.

மன்னிக்கவும், கோபத்தில் எங்கோ போய்விட்டேன். நான் கேட்பது ஒன்றுதான்: காசு கொடுக்கும் முன் பெட்டியைத் திறந்து பார்க்க விட வேண்டும் என்று ஒரு கட்டாய விதி. வாசலில் ஐந்து நிமிடம் போதும். கூடவே விற்பவரின் பெயரும் விலாசமும் பெட்டியின் மேல் இருக்கட்டும். தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.

கிரைண்டர் பெட்டியோடு அப்படியே இருக்கிறது. விசாரணைக்குத் தேவையென்றால் நானே கொண்டுவந்து தருகிறேன். அம்மா இப்போதைக்கு அம்மியில்தான் அரைக்கிறார்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசி ஒருவர்