அட்டவணையில் ஒரு காலிக் கட்டம்

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய மலை நடைப்பயண அட்டவணையை நேற்று ராத்திரி நானும் அப்பாவும் உட்கார்ந்து பார்த்தோம். ஆல்ப்ஸில் மோன் பிளாங்க் மலையைச் சுற்றி சுமார் 170 கிலோமீட்டர், மூன்று நாடு, ஒன்பது நாள். எந்த நாள் எங்கே தங்கல், எத்தனை மீட்டர் ஏற்றம், எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருக்கிறாய். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கு ஒன்றுதான் உறுத்தியது. ஒன்பது கட்டமும் நிறைந்திருக்கிறது. மழை பெய்ய நீ இடமே விடவில்லை.

உனக்கு நாலு வயதிருக்கும்போது நாங்கள் இரண்டு பேரும் மூன்று நாள் மலை ஏறப் போனோமே, அந்தக் கதையை அப்பா சொல்லித்தான் கேட்டிருப்பாய். அவர் பாதியை விட்டுவிடுவார். இரண்டாம் நாள் கிளம்பவே பத்தரை ஆகிவிட்டது. வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலம். மரங்கள் முடிந்து வெறும் பாறையும் புல்லும் தொடங்கும் இடத்துக்கு வந்தபோது மணி ஒன்று. எதிர் மலைக்குப் பின்னால் காலிஃப்ளவர் போல ஒரு மேகம் எட்டிப் பார்த்தது. அரை மணி நேரத்தில் அது தலைக்கு மேல். முதலில் காற்று, பிறகு ஆலங்கட்டி. அப்பாவின் மழைக்கோட்டு பையின் அடியில் இருந்தது. ஜிப்பை இழுக்கிறார், விரல் மடங்கவில்லை. நான் குனிந்து பல்லால் கடித்து இழுத்துத் திறந்தேன். அதற்குள் உள்ளே போட்டிருந்த பருத்திச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிவிட்டது.

திரும்பிவிடலாம் என்றேன். "மேலே ரூமுக்குப் பணம் கட்டியாச்சு" என்றார். எனக்கு வந்த கோபம்! கொஞ்ச தூரம் நடந்ததும் அவர் நாக்கு குழற ஆரம்பித்தது. சமதரையிலேயே கால் இடறியது. கேட்டால் "குளிரவே இல்லை" என்கிறார். உடம்பின் சூடு இறங்கும்போது முதலில் போவது புத்திதான், அதனால் போகிறவருக்கு அது தெரியாது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினேன். மரங்களுக்குள் வந்து, ஈரத்தை உருவி எறிந்து, உலர்ந்த உடுப்பு போட்டு, தூங்கும் பைக்குள் அவரைத் திணித்த பிறகுதான் நின்றுபோயிருந்த நடுக்கம் திரும்பி வந்தது. நடுக்கம் வந்ததைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

அதனால்தான் சொல்கிறேன், எங்கே திரும்புவது என்பதை இப்போதே எழுதிவை. கணவாயின் கீழே நின்று முடிவெடுக்கிறேன் என்று வைத்துக்கொள்ளாதே. அங்கே நிற்கும்போது கட்டிய பணம் பேசும், கூட வந்தவர்களின் முகம் பேசும். ஒவ்வொரு நாளுக்கும் எதிரே மூன்று விஷயம் குறித்துக்கொள்: எத்தனை மணிக்குள் மேலே போயிருக்க வேண்டும், முடியாவிட்டால் எந்த வழியாக இறங்குவது, இறங்கினால் எங்கே பஸ் கிடைக்கும்.

உன் பாதையில் இதற்கு வசதி இருக்கிறது. எட்டாம் நாள் ஃபெனேத்ர தார்பேத் கணவாய் என்று போட்டிருக்கிறாய். 2,665 மீட்டர், முழுக்கப் பெரிய பெரிய பாறை. நல்ல வெயிலில் போ, கொடுத்துவைத்தவள். மழையென்றால் யோசிக்காமல் போவீன் வழியைப் பிடி, மாட்டுக்காரர்களின் மேய்ச்சல் வழி, அதுவும் நீ போகவேண்டிய திரியான் கிராமத்துக்குத்தான் இறங்குகிறது. அதே மாதிரி கோல் தே ஃபூர் கணவாயும் 2,665 மீட்டர். அதை விட்டுவிட்டு லே ஷாப்பியே கிராமத்துப் பக்கம் இறங்கினால் எதுவும் குறைந்துபோகாது. சுவிஸ் பக்கம் லா ஃபூலியிலிருந்து ஷாம்பேவுக்கு ஓர்சியேர் வழியாக பஸ் உண்டு. ஒரு நாள் பஸ்ஸில் போனால் 'முழுசாகச் சுற்றவில்லை' என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

நடக்கும் நேரத்தையும் நீ குறைத்துப் போட்டிருக்கிறாய். 1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன கணக்கு இன்னும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி. 15 கிலோமீட்டர், 1,000 மீட்டர் ஏற்றம் என்றால் கிட்டத்தட்ட நாலே முக்கால் மணி ஆகிறது. அது நிற்காமல் நடந்தால். சாப்பாடு, போட்டோ, செருப்புக்கடி எல்லாம் சேர்த்தால் ஆறரை. கோடையில் இடி பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான். ஒன்பது மணிக்குக் கிளம்பினால் சரியாக அதன் வாயில் போய் நிற்பாய். ஆறரை, ஏழுக்குக் கிளம்பிவிடு.

வானிலை அறிக்கையை மூன்று நாளுக்கு மேல் நம்பாதே. ஷாமோனி ஊருக்கான அறிக்கை உனக்கு உதவாது, மலைக்கானதைப் பார். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி குறையும்; ஊரில் 20 என்றால் 2,500 மீட்டர் கணவாயில் 10, அதோடு காற்றும் சேரும். ஆகஸ்டிலும் அங்கே பனி விழும். மழை வருமா என்பதோடு நிறுத்தாமல் காற்றின் வேகத்தையும், எந்த உயரத்தில் பூஜ்ஜியம் டிகிரி என்பதையும் படி. முந்தின நாள் ராத்திரி விடுதிக்காரரிடம் கேள். உன் ஃபோனைவிட அவருக்கு அந்த மலையைத் தெரியும்.

உன் வாட்ச் உயரம் காட்டும் என்றாயே, அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அது காற்றழுத்தத்தை வைத்துத்தான் உயரத்தைச் சொல்கிறது. ஜிபிஎஸ்ஸை வைத்துத் தானே திருத்திக்கொள்ளும் வசதியை ராத்திரி அணைத்துவிட்டு, படுக்கும்போது என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள். காலையில் 40 மீட்டர் கூடியிருந்தால் கட்டில் ஏறவில்லை, அழுத்தம் இறங்கியிருக்கிறது. ஏதோ வருகிறது என்று அர்த்தம்.

இடி சத்தம் கேட்டாலே மேட்டை விட்டு இறங்கு. மின்னலுக்கும் சத்தத்துக்கும் நடுவே 30 விநாடிகூட இல்லையென்றால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. ஒற்றை மரத்தடியும் வேண்டாம், சின்னக் குகை வாயும் வேண்டாம். கூட்டமாக நிற்காமல் தள்ளித் தள்ளி நில்லுங்கள்.

சாமான் பட்டியலில் நான் அடித்தது இரண்டு பருத்தி டி-ஷர்ட், சேர்த்தது கையுறையும் கம்பளித் தொப்பியும். உலர்ந்த உடுப்பு ஒரு செட் நீர் புகாத பைக்குள் இருக்கட்டும், மழைக்கோட்டு எல்லாவற்றுக்கும் மேலே. விசில் ஒன்று அனுப்புகிறேன். ஆபத்தென்றால் ஒரு நிமிடத்தில் ஆறு தடவை ஊது, ஒரு நிமிடம் நிறுத்து, மறுபடி ஆறு. பதிலுக்கு மூன்று கேட்டால் யாரோ வருகிறார்கள். ஃபோன் எடுத்தால் 112, மூன்று நாட்டிலும் அதுதான்.

இத்தாலிப் பக்கம் கூர்மாயர் ஊரில் ஒரு நாள் சும்மா இருக்கிற மாதிரி அட்டவணையைத் திருத்தி அனுப்பு. லீவு போதாதென்றால் கடைசி நாளை வெட்டு.

இதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ஜிப்பைப் பல்லால் திறந்தது உண்மையாம். ஆனால் அன்றைக்குக் குளிரவே இல்லையாம்.

அன்புடன்,
அம்மா